எங்கட லப்டொப் இன்னும் சாகேல்லை

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. 15ஆம் திகதி காலை எல்லாருடைய லப்டொப்பும் வழமைபோலத்தான் திறந்தது. வேர்ட் வேலை செய்தது. குரோம் வேலை செய்தது. பாதியில் விட்ட அசைன்மென்ட் பாதியிலேயே இருந்தது. "பாத்தியா மச்சான், ஒண்டும் நடக்கேல்லை. சும்மா வெருட்டுறாங்கள்" என்பது கம்பஸில் பெரும்பான்மைக் கட்சியின் தீர்ப்பு. சிறுபான்மைக் கட்சி ஒன்றும் இருக்கிறது. கையில் கொஞ்சம் காசிருப்பவர்கள், அல்லது வெளிநாட்டில் மாமா இருப்பவர்கள். "இனி இது சரிவராது, புதுசு எடுக்கத்தான் வேணும்" என்பது அவர்களின் தீர்ப்பு.

இரண்டு கட்சியும் பிழை. ஒன்றும் நடக்கவில்லை என்று இருப்பது ஆபத்து. புதுசு எடுக்கத்தான் வேணும் என்பது ஒரு கம்பனி எங்கட தலையில் கட்டிவிட்ட கதை. எட்டு வருசம் பழைய லப்டொப்பை வைத்துக்கொண்டே பாதுகாப்பாக இருக்கலாம். அதற்குக் காசு பெரிதாகத் தேவையில்லை. கொஞ்சம் அறிவும், ஒரு சனிக்கிழமையும், கூட நாலு பேரும் காணும். அந்த நாலு பேரைச் சேர்க்காமல் இருப்பதுதான் எங்கட பிரச்சினை என்று நினைக்கிறேன்.

ஆதரவு முடியுறது எண்டால் என்ன?

ஒரு இயங்குதளம் என்பது கோடிக்கணக்கான வரி நிரல். மனிதர் எழுதியது, ஆகவே ஓட்டை இருக்கும். அந்த ஓட்டைகளைப் புதிது புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டே இருப்பார்கள். மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அதுவரை கண்டுபிடித்த ஓட்டைகளுக்கான அடைப்புகளை மைக்ரோசொஃப்ட் வெளியிடும். "டேட்டாவைத் தின்னுது" என்று நாங்கள் திட்டித் திட்டி நிறுத்திவைக்கிற அப்டேட் அதுதான். ஆதரவு முடிந்தது என்றால் இந்த அடைப்பு இனி வராது. வேறொன்றுமில்லை.

ஆனால் அந்த "வேறொன்றுமில்லை"க்குள் ஒரு விசயம் ஒளிந்திருக்கிறது. விண்டோஸ் 11 அடியோடு புதிதாகக் கட்டிய வீடு இல்லை. விண்டோஸ் 10இன் நிரலில் பெரும்பகுதி அதற்குள்ளும் இருக்கிறது. ஒரே மேசன் கட்டிய இரண்டு வீடு, இரண்டிலும் ஒரே பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்காரர், "இந்தப் பூட்டை ஹெயார்பின்னாலேயே திறக்கலாம்" என்று ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டுப் புதுப் பூட்டுப் போடுகிறார். மற்ற வீட்டில் பழைய பூட்டே இருக்கிறது. கள்ளன் எங்கே போவான்?

விண்டோஸ் 11க்கு வருகிற ஒவ்வொரு அடைப்பையும் பிரித்துப் பார்த்து, அது எந்த ஓட்டையை அடைத்தது என்று கண்டுபிடித்து, அடைக்காத கணினியில் அதே ஓட்டையால் நுழைவது இணையக் குற்றவாளிகளின் வழமையான தொழில்முறை. ஆகவே ஒக்டோபர் 15 காலை ஒன்றும் நடக்கவில்லை என்பது உண்மை. இந்த ஆபத்து ஒரு நாளில் வந்து கதவைத் தட்டாது. மாதாமாதம் கடன் வட்டி மாதிரி ஏறும்.

இதற்கு முன் இது நடந்திருக்கிறது. 2017 மே 12 அன்று வொனாக்ரை என்ற ரான்சம்வெயார் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டிவிட்டு, திறக்கக் காசு கேட்டது. இங்கிலாந்தில் மூன்றில் ஒன்றளவு அரச மருத்துவமனை நிர்வாகங்கள் பாதிக்கப்பட்டன. ஏறத்தாழ 19,000 நோயாளர் சந்திப்புகள் இரத்தானதாக மதிப்பிட்டார்கள். அது பயன்படுத்திய ஓட்டைக்கான அடைப்பை மைக்ரோசொஃப்ட் அந்த வருசம் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. ஆனால் விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலேயே ஆதரவு முடிந்துவிட்டதால் அதற்கு அந்த அடைப்பு பொதுவில் கொடுக்கப்படவில்லை. ஊரெல்லாம் எரிந்த பிறகுதான் அவசரமாகக் கொடுத்தார்கள்.

இந்தக் கதையின் மற்றப் பாதியையும் சொல்ல வேணும். அன்று அடிபட்ட கணினிகளில் மிகப் பெரும்பான்மை எக்ஸ்பி இல்லை, விண்டோஸ் 7. அப்போது அதற்கு ஆதரவு இருந்தது. அடைப்பும் இரண்டு மாதமாகக் கையில் இருந்தது. போடவில்லை, அவ்வளவுதான். ஆக, புதுக் கணினி வாங்கி அப்டேட்டை நிறுத்திவைத்திருப்பவரும், பழைய கணினியை அப்படியே விட்டிருப்பவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

"என்னட்ட என்ன இருக்கு களவெடுக்க?"

இதைச் சொல்லாத ஆளே இல்லை. வங்கிக் கணக்கில் மாத முடிவில் நானூறு ரூபா, லப்டொப்பில் நாலு படமும் அசைன்மென்டும். கள்ளன் வந்தால் அவனுக்குத்தான் நட்டம் என்று பகிடி வேறு.

கலைப்பீட மாணவர்கள் இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. எங்கட லப்டொப்பில் எங்கட சாமான் மட்டும் இல்லை.

சமூகவியல், புவியியல், வரலாறு, ஊடகம், எந்தத் துறையை எடுத்தாலும் இறுதி வருடத்தில் ஆய்வுக்காக ஆட்களைச் சந்திக்கிறோம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் அம்மாவின் குரலைப் பதிவு செய்கிறோம். நுண்கடன்காரர் வாசலில் வந்து நின்று என்ன பேசினார் என்று ஒரு அக்கா சொன்னதைப் பதிவு செய்கிறோம். காணி விடுபட்டும் வீட்டுக்குப் போக முடியாதவரின் பெயர், ஊர், தொலைபேசி இலக்கம் எல்லாம் ஒரு எக்ஸல் கோப்பில் இருக்கிறது. பதிவு செய்வதற்கு முதல் ஒரு தாளை நீட்டி, "உங்கட பேர் வெளியில வராது, நீங்கள் சொல்லுறது எங்களோட இருக்கும்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்குகிறோம். பிறகு அந்தக் குரலைக் கொண்டுவந்து கிராக் போட்ட, இனி அடைப்பே வராத ஒரு கணினியின் டெஸ்க்டொப்பில் "இன்டவியூ பைனல் 2" என்ற பெயரில் போட்டுவைக்கிறோம்.

அந்த அம்மா எங்களை நம்பித்தான் கதைத்தா. எங்கட பாஸ்வேர்டை நம்பி, எங்கட விண்டோஸை நம்பிக் கதைக்கவில்லை. இந்த நாட்டில் யார் யாரோடு என்ன கதைத்தார் என்பது ஒரு காலத்தில் உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. இன்றைக்கும் பல குடும்பங்களுக்கு அது சின்ன விசயம் இல்லை. ஆகவே "என்னட்ட ஒண்டும் இல்லை" என்று இனியாவது சொல்லாதீர்கள். உங்களிடம் மற்ற ஆட்கள் இருக்கிறார்கள்.

அதோடு ரான்சம்வெயார் உங்கள் கோப்பு பெறுமதியானதா என்று வாசித்துப் பார்ப்பதும் இல்லை. அகப்பட்டதைப் பூட்டும். ஒப்படைக்க ஒரு கிழமை இருக்கும்போது ஆய்வேட்டின் ஒரே பிரதி பூட்டுப்பட்டால், அதன் பெறுமதி என்ன என்று அப்போது உங்களுக்கே விளங்கும்.

ஆர் சாகடிச்சது?

இப்போது புதுசு எடுக்கும் கட்சிக்கு வருவோம்.

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலையில். அந்த வருசம் ஒரு மாநாட்டில் மைக்ரோசொஃப்ட் ஊழியர் ஒருவர் இதுதான் கடைசி விண்டோஸ் என்று சொன்னது உலகமெல்லாம் செய்தியானது. ஆறு வருசத்தில், 2021 ஒக்டோபரில், விண்டோஸ் 11 வந்தது. அதை முறைப்படி போட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்க வேணும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோவாக இருக்க வேணும். 8ஆம் தலைமுறை சந்தைக்கு வரத் தொடங்கியதே 2017இன் பிற்பகுதியில். 2018இல் கடையில் 7ஆம் தலைமுறை லப்டொப்பைப் புத்தம் புதிதாகப் பெட்டி பிரித்து வாங்கியவர், மூன்றே வருசத்தில் "உங்கட மெஷின் தகுதியில்லை" என்ற பதிலைக் கண்டார். அந்த மெஷினில் ஒரு பழுதும் இல்லை. தட்டச்சு செய்யும், பிடிஎஃப் வாசிக்கும், சூம் வகுப்பு ஓடும். கலைப்பீடத்துக்கு அதற்கு மேல் என்ன வேணும்?

டிபிஎம் சில்லால் பாதுகாப்பு கூடுகிறது என்பது உண்மைதான். மறைகுறியாக்கத் திறவுகோலை அது பத்திரமாக வைத்திருக்கும். ஆனால் நல்ல பூட்டு இல்லாத வீட்டுக்கு இனிப் பொலிஸே வராது என்று சொல்வது பாதுகாப்பு இல்லை. கனலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023இல் போட்ட கணக்கின்படி, விண்டோஸ் 10இன் முடிவால் ஏறத்தாழ 24 கோடி கணினிகள் குப்பையாகக்கூடும். கணினிக் குப்பை என்பது ஈயமும் பாதரசமும். அது யாருடைய மண்ணில் கொட்டப்படும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

எதிர்ப்பு வந்ததும் ஒரு வருச நீடிப்பு என்று ஒரு வழியைத் திறந்தார்கள். 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அடைப்புகள் மட்டும் வரும். விலை 30 டொலர். எங்கட காசில் ஏறத்தாழ 9,000 ரூபா. ஒரு மாதத்து மகாபொல 7,500 ரூபா. இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். காசு கட்டாவிட்டால் இன்னொரு வழி, மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் அமைப்புகளை அவர்களின் சேமிப்பகத்துக்குப் பிரதி எடுக்க விடுவது. காசில்லாவிட்டால் தகவலைத் தா என்பதுதான் இதன் அர்த்தம்.

ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் இதைக் கேள்வி கேட்டன. 2025 செப்டெம்பரில், ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் இருப்பவர்களுக்குப் பிரதி எடுக்கும் நிபந்தனை இல்லாமல் இலவசமாகக் கொடுக்க மைக்ரோசொஃப்ட் ஒத்துக்கொண்டது. அதே மென்பொருள், அதே ஓட்டை, அதே அடைப்பு. பாரிஸில் இருக்கும் மச்சாளுக்கு ஒரு சட்டம், பருத்தித்துறையில் இருக்கும் எனக்கு ஒரு சட்டம். இந்த வித்தியாசத்துக்குத் தொழினுட்பக் காரணம் எதுவும் இல்லை. அங்கே சேர்ந்து கேட்க ஆள் இருந்தது. இங்கே இல்லை.

கொழும்பிலயும் அதே கதை

மாணவர்கள் அறியாமையால் இப்படி இருக்கிறார்கள் என்று யாராவது சொல்ல வந்தால் அவர்களுக்கு ஒரு உதாரணம். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவை ரான்சம்வெயாரால் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயே போய்விட்டன. வலையமைப்பில் தொடுத்திருந்த காப்புப்பிரதியும் சேர்ந்து பூட்டுப்பட்டது. வெளியில் தனியாக எடுத்துவைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை.

அவர்கள் பயன்படுத்திய மென்பொருள் மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ் 2013. அதற்கான ஆதரவு அந்த வருசம் ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. அந்தப் பதிப்பு காலாவதியானது, தாக்குதலுக்கு இலகுவானது என்று பொறுப்பான முகவர் நிலையமே பிறகு ஏற்றுக்கொண்டது. 2021இலிருந்து மாற்ற யோசித்தார்களாம், நிதிப் பற்றாக்குறையாம்.

நாட்டின் அமைச்சரவை அலுவலகமும் எங்கட பட்ச் பெடியனும் ஒரே காரணத்தைத்தான் சொல்கிறார்கள்: காசில்லை, பிறகு பாப்பம். ஆனால் கையில் இருப்பதைப் பிரதி எடுத்து வேறாக வைக்க எவ்வளவு காசு வேணும்? காசில்லாமல் செய்யக்கூடியதையும் செய்யாமல் விட்டதுதான் அங்கே நடந்தது. எங்கட அறையிலும் அதுதான் நடக்கிறது.

கிராக் ஒரு புரட்சி இல்லை

சில தோழர்கள் கிராக் போடுவதை ஏகாதிபத்திய எதிர்ப்பாகக் கதைப்பார்கள். மைக்ரோசொஃப்டுக்குக் காசு கொடுக்காமல் விட்டதே வெற்றி என்று. நானும் மைக்ரோசொஃப்டுக்காக அழவில்லை. ஆனால் கிராக் எப்படி வேலை செய்கிறது என்று ஒருக்கா யோசியுங்கள். அதைப் போடுவதற்கு முதல், "அன்ரிவைரஸை நிப்பாட்டு" என்று சொல்லும். பிறகு நிர்வாகி அனுமதி கேட்கும். அதாவது, முகம் தெரியாத ஒருவர் வந்து, "காவல்காரனை வெளியில அனுப்பிவிட்டு முழுத் திறப்புக்கோர்வையையும் என்ட கையில தா" என்கிறார். நாங்கள் கொடுக்கிறோம். விண்டோஸைத் திறக்கும் கிராக்குகளுக்குள்ளேயே கடவுச்சொல் திருடும் நிரல்களை வைத்து அனுப்புவது பலமுறை அம்பலமான விசயம்.

கிராக் போட்டவர் மைக்ரோசொஃப்டை விட்டு விலகவும் இல்லை. அதே வேர்ட், அதே பழக்கம், அதே தங்கியிருத்தல். காசு கொடுக்கவில்லை என்பதைத் தவிர அந்தக் கம்பனிக்கு அவர் விசுவாசமான வாடிக்கையாளர்தான். எதிர்ப்பு என்றால் வெளியே வர வேணும்.

அப்ப என்ன செய்யிறது?

மூன்று வழி சொல்கிறேன். உங்கட நிலைமைக்கு ஏற்றதை எடுங்கள்.

முதலாவது, ஒரு வருசம் நேரம் வாங்குவது. லப்டொப்போடு வந்த உண்மையான விண்டோஸ் 10 என்றால், அதை 22எச்2 பதிப்புக்குக் கொண்டுவந்து, விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் வரும் நீடிப்பில் பதிவு செய்யுங்கள். மேலே திட்டினேன்தான். ஆனாலும் இறுதி வருட ஆய்வின் நடுவில் நிற்பவர் இப்போது வேறு பரிசோதனைக்குப் போகக்கூடாது. திட்டிக்கொண்டே பதிவு செய்யலாம். 2026 ஒக்டோபர் வரை மூச்சு விடலாம்.

இரண்டாவது, எனக்குச் சரியென்று படுவது, லினக்ஸ். லினக்ஸ் மின்ட் 22 போன்ற ஒரு பதிப்புக்கு 2029 ஏப்ரல் வரை இலவசமாக அடைப்புகள் வரும். எக்ஸ்எஃப்சிஈ என்ற இலேசான வடிவம் 2 ஜிபி ராமிலேயே திறக்கும், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. ஒரு பென்ட்ரைவில் ஏற்றி, விண்டோஸை அழிக்காமலே அதிலிருந்து திறந்து பார்க்கலாம். வைஃபை பிடிக்குதா, சத்தம் கேட்குதா, கமரா வேலை செய்யுதா என்று பார்த்துவிட்டு, சரியென்றால் மட்டும் உள்ளே போடுங்கள். போடுவதற்கு முதல் எல்லாக் கோப்பையும் வெளியில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். லினக்ஸுக்கும் முடிவுத் திகதி உண்டு. ஆனால் அந்தத் திகதி வந்தால் அடுத்த பதிப்பை இலவசமாகப் போடலாம். புது லப்டொப் வாங்கு என்று யாரும் சொல்லமாட்டார்கள். பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டுவிட்டால், குப்பை என்று நினைத்த லப்டொப் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து நீங்களே நம்பமாட்டீர்கள்.

மூன்றாவது, எந்த வழியும் ஏலாது, பழைய விண்டோஸிலேயே இருக்கத்தான் வேணும் என்றால், சேதத்தைக் குறைக்கிற வழி. நாளாந்தப் பாவனைக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். பிரவுசரைப் புதிதாகவே வைத்திருங்கள். விண்டோஸ் 10இல் குரோமும் பயர்பொக்ஸும் இன்னும் புதுப்பிக்கப்படுகின்றன. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களைக் குரோம் 2023இலேயே கைவிட்டுவிட்டது. டிஃபென்டரின் வைரஸ் பட்டியல் 2028 ஒக்டோபர் வரை வரும் என்று சொல்லியிருக்கிறார்கள், அதை நிறுத்தாதீர்கள். ஆனால் அது கள்ளனின் படம் ஒட்டிய பட்டியல் மட்டும்தான். உடைந்த கதவைத் திருத்தாது. அந்த மெஷினில் வங்கி வேலை வேண்டாம். பிரின்ட் எடுக்கப் போய் ஷோர்ட்கட் வைரஸோடு திரும்பி வரும் பென்ட்ரைவை அதில் குத்த வேண்டாம். பிரின்ட்டுக்கு என்று ஒரு பென்ட்ரைவைத் தனியாக வைத்து, அதில் பிடிஎஃப் மட்டும் கொண்டுபோங்கள். இணையம் இல்லாமலே எழுதலாம் என்றால், எழுதும் நேரத்தில் வைஃபையை நிறுத்திவையுங்கள்.

எந்த வழியானாலும் இரண்டு வேலை கட்டாயம். ஒன்று, காப்புப்பிரதி. இரண்டு இடத்தில் எடுங்கள், அதில் ஒன்று கணினியோடு எப்போதும் தொடுத்திருக்கக்கூடாது. அரசாங்கம் இழந்ததும் இதனால்தான். மற்றது, ஆய்வுப் பதிவுகளைப் பூட்டி வைப்பது. வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளால் ஒரு பூட்டிய பெட்டி செய்து, குரல் பதிவுகளையும் பெயர்ப் பட்டியலையும் அதற்குள் போடுங்கள். பெயர்ப் பட்டியலும் குரலும் ஒரே இடத்தில் இருக்கத் தேவையில்லை. வேலை முடிந்ததும் பெட்டியை மூட மறக்காதீர்கள். திறந்து கிடக்கும் பெட்டியால் பிரயோசனம் இல்லை.

"லினக்ஸ் எங்களுக்குச் சரிவராது"

வரும் மறுப்புகள் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் தட்டிக்கழிக்கவும் மாட்டேன்.

வேர்டில் செய்த ஆய்வேட்டை லிப்ரெஒஃபிஸில் திறந்தால் பக்க அமைப்பு கொஞ்சம் குழம்பும். உண்மை. எழுதுவதை லிப்ரெஒஃபிஸில் எழுதி, கொடுப்பதைப் பிடிஎஃப் ஆகக் கொடுத்தால் அந்தத் தலையிடி குறையும். மேற்பார்வையாளர் வேர்டில்தான் திருத்தித் தருவார் என்றால் கடைசி ஒழுங்கமைப்பை மட்டும் லாப்பில் செய்யலாம்.

தமிழ்? யுனிகோட் தமிழ் லினக்ஸில் வடிவாகத் தெரியும். தமிழ் 99, ரெங்கநாதன், உச்சரிப்பு முறை என்று விசைப்பலகைகளும் இருக்கின்றன. பாமினி எழுத்துருக் கோப்பைப் போட்டால் பழைய பாமினி ஆவணங்களையும் வாசிக்கலாம். பாமினிக்குப் பழகின விரல்களுக்குத்தான் கொஞ்ச நாள் கஷ்டம். ஆனால் 2026இலும் பாமினியில் எழுதி, தேடவும் முடியாத, இணையத்தில் ஒட்டவும் முடியாத ஆவணங்களைப் பெருக்கிக்கொண்டிருப்பது வேறொரு கட்டுரைக்கான சண்டை.

புள்ளிவிபரத்துக்கு எஸ்பிஎஸ்எஸ் வேணுமே? ஜமோவி, பிஎஸ்பிபி, ஆர் எல்லாம் இலவசம். எங்கட பாடநெறிக்குத் தேவையான சராசரி, கைவர்க்கச் சோதனை, பிற்செலவு எல்லாவற்றையும் அவை செய்யும். விரிவுரையாளர் எஸ்பிஎஸ்எஸ்ஸின் மெனுவைத்தான் படிப்பிக்கிறார், புள்ளிவிபரத்தை இல்லை என்றால், அது விரிவுரையாளரோடு கதைக்க வேண்டிய விசயம்.

"கடையில விண்டோஸ் 11 போட்டுத் தாறாங்களே?" தருவார்கள். டிபிஎம் சோதனையை ஏமாற்றிப் போடலாம். ஆனால் அப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசொஃப்டே சொல்லியிருக்கிறது. இன்னும் பழைய புரொசசர்களில் 24எச்2 பதிப்பு திறக்கவே திறக்காது. காசு கொடுத்து அடுத்த முடிவுத் திகதியை வாங்கி வருகிறீர்கள், அவ்வளவுதான்.

இது தனியாச் செய்யிற வேலையில்லை

இதுவரை சொன்னதெல்லாம் தனி ஆளுக்கு. ஆனால் பாதுகாப்பைத் தனி ஆளின் தலையில் போடுவதே கம்பனிக்காரரின் விளையாட்டு. உன்ட கணினி, உன்ட காசு, உன்ட பிழை. அதற்குள் நாங்களும் விழக்கூடாது.

2004 சுனாமிக்குப் பிறகு காணாமல்போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவு செய்ய இந்த நாட்டின் கணினித் தொண்டர்கள் சேர்ந்து சஹானா என்ற மென்பொருளை எழுதினார்கள். திறந்த மூல மென்பொருள். பிறகு அது 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் பயன்பட்டது. காசில்லாத ஒரு நாட்டில், கடல் வந்து அள்ளிக்கொண்டு போன சில கிழமைக்குள் அது தொடங்கியது. எங்களால் ஏலாது என்று சொல்பவர்கள் அதை ஒருக்கா நினைக்க வேணும்.

ஆகவே மூன்று கோரிக்கை.

கம்பஸ் நிர்வாகத்திடம்: கல்வி நிறுவனங்களுக்கு விண்டோஸ் 10 நீடிப்பு முதல் வருசம் ஒரு கணினிக்கு 1 டொலர், இரண்டாம் வருசம் 2, மூன்றாம் வருசம் 4. மூன்று வருசமும் சேர்த்து 7 டொலர். எங்கட லாப்களில் இருக்கும் கணினிகளுக்கு அது கட்டப்பட்டதா, இல்லையா? கட்டவில்லை என்றால் அந்த லாப்பில் எங்களை ஒன்லைன் விண்ணப்பம் நிரப்பச் சொல்வது எப்படி நியாயம்? இதை எழுத்தில் கேளுங்கள். பதில் தராவிட்டால் தகவல் அறியும் சட்டம் இருக்கிறது.

மாணவர் ஒன்றியத்திடம்: ரீசேர்ட் அடிப்பதற்கும் புதுமுக மாணவர் வரவேற்புக்கும் இருக்கும் உற்சாகத்தில் பத்தில் ஒன்று இதற்கும் வேணும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு மண்டபம், நாலு பென்ட்ரைவ். விஞ்ஞானபீடத்தில் லினக்ஸ் தெரிந்த பெடியன்கள், பெட்டைகள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள். கலைப்பீடத்தாருக்குக் கணினி தெரியாது என்ற பகிடியையும் அதோடு முடிக்கலாம்.

துறைகளிடம்: ஆய்வு நெறிமுறை என்று சம்மதப் படிவத்தை மட்டும் படிப்பிக்காதீர்கள். அந்தச் சம்மதம் பிறகு எந்தக் கணினியில், எந்தப் பூட்டுக்குள் இருக்கிறது என்றும் கேளுங்கள். ஒரு மணிநேர விரிவுரை காணும்.

பழைய லப்டொப் வைத்திருப்பது வெட்கப்பட வேண்டிய விசயம் இல்லை. திருத்தித் திருத்திப் பாவிப்பது எங்கட ஊர்ப் பழக்கம். முப்பது வருசத்துச் சைக்கிளில் இன்னும் சந்தைக்குப் போகும் அப்பாக்களின் பிள்ளைகள் நாங்கள். ஆனால் அந்த அப்பா சங்கிலிக்கு எண்ணெய் விடுவார், பிரேக் கட்டையைத் தேயமுதல் மாற்றுவார், சந்தையில் விட்டுப்போகும்போது பூட்டுவார். நாங்கள் பழசை வைத்திருக்கிறோம், பராமரிப்பதை மட்டும் விட்டுவிட்டோம். 2026 ஒக்டோபர் 13க்கு முதல் அதைப் பழகிவிட வேணும். இந்தச் சனிக்கிழமை ஒரு பென்ட்ரைவை வெறுமையாக்கி வைத்துவிட்டு, பக்கத்து அறைக் கதவைத் தட்டுங்கள்.